குப்பைக்கு வந்த மணியார்டர்

படிப்பு எனக்கு ஆனா ஆவன்னாவோடு நின்றுவிட்டது. இருந்தும் கம்பத்தில் இரண்டு கிணறு வெட்டினேன், பாறையை உடைத்து வாழை போட்டேன், ஆறு வண்டி ஓட்டினேன், மாடிவீடு கட்டினேன். மலையில் புலிக்கே பயப்படாத என்னைக் கதிகலங்க வைத்தது ஒரே ஒரு மனுஷர்: எதற்கும் சட்டம் பேசியதால் ஊரார் 'ரூல்' என்று கூப்பிட்ட தபால்காரர்.

தன் பெண்டாட்டிக்கு வந்த கடிதத்தைக்கூட வாசலில் நின்று பேர் கேட்டுத்தான் கொடுப்பார். மழை பெய்தால் குடை தபால் பைக்கு, அவர் நனைவார்.

பெரியாற்று அணை கட்டுகிற காலம். எனக்கு வயது இருபத்திரண்டு. அணைக்குச் சுண்ணாம்பு ஏற்றும் வண்டியைக் கூலிக்கு ஓட்டினேன். ஆற்றோரத் துண்டு நிலத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணமும் போய்விடும், நிலமும் அதில் கண்வைத்திருந்த மண்டிக்காரருக்குப் போய்விடும். அன்றைக்குத்தான் இலங்கையில் கண்டித் தோட்டத்திலிருந்த, பிள்ளையில்லாத தாய்மாமன் அனுப்பிய நூறு ரூபாயோடு ரூல் வந்தார்.

"ராயப்பன்பட்டி சூசை மகன் ஞானப்பிரகாசம் யாரு?"

"சூசை மகன் நாந்தேண்ணே. ஆனா என் பேரு குப்பையில்ல?"

மூத்த பிள்ளைகள் இரண்டும் தங்காததால் என்னைக் குப்பையில் புரட்டி வைத்த பேர் அது. ஞானஸ்நானப் பேர் எனக்கே தெரியாது. ஞானத்தகப்பனான மாமனுக்கு மட்டும் நினைவிருந்திருக்கிறது. பிறந்த ராயப்பன்பட்டியை விட்டு நான் கம்பம் வருமுன்பே பெற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"அப்பச் சாட்சிக்கு ரெண்டு பேரக் கூட்டியா."

இரண்டு வண்டிக்காரர்களை இழுத்து வந்தேன்.

"ஞானப்பிரகாசமா? ஏலே குப்பை, எப்ப இருந்துடா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அண்ணே, நெலம் போயிரும்ணே!" என்று காலைப் பிடித்தேன்.

"ரூலு ரூலுதேன்." குடையை விரித்து நடந்துவிட்டார்.

மறுநாள் உச்சி நெருங்கியது. மண்டிக்காரர் பணமுடிப்போடு வரப்பில் நிற்கிறார். நிலத்துக்காரர் வானத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அப்போது முழங்கால்வரை சேற்றோடு ரூல் ஓடி வந்தார்.

"ராயப்பன்பட்டி போயிட்டு வாரேன். கோயில் ஞானஸ்நானப் பொஸ்தகத்தப் பாத்துச் சாமியார் எழுதிக் குடுத்தாக. நீதேன் அந்த ஆளு." பையைத் திறந்தார். "உம்பேரு?"

"குப்பைண்ணே!"

பையை மூடிவிட்டார்.

"ஞானப்பிரகாசம்! ஐயோ, ஞானப்பிரகாசம்ணே!"

பணம் கைக்கு வந்தது. நிலம் எனதானது.

கம்பத்தின் கதையை எழுதுகிறவர்கள் என் உழைப்பை விட்டுவிடக் கூடாது. அதற்கு மேல் வரியில் அவரையும் போட வேண்டும். என் பேரைத் தேடி அத்தனை தூரம் நடந்தவரின் பேரை நான் ஒருநாளும் கேட்கவில்லை. 'ரூல்' என்றாவது போடுங்கள்.