அபெடிம் ஊருக்குக் குப்பை வரவழைத்த வரலாறு

முதலாம் ஆண்டு மாணவர்கள் அனைவரும், கல்லூரிப் பதிவேட்டில் கையெழுத்திடும் விழாவுக்கு முன்பாக, எட்டு மணி நேரம் சமூகத் தொண்டும் அதனோடு இணைந்த உள்ளூர் உலாவும் நிறைவேற்றியிருக்க வேண்டும் என்று எங்கள் மாணவர் நலத் துறை ஆணை பிறப்பித்தது. ஆணையை டைப் அடித்தவன் நான். பெயர் அம்போமா. அந்தத் துறையில் பதினோரு வருடமாக எழுத்தர். சொந்த ஊர் அபெடிம்தான்.

கல்லூரிக்கும் அபெடிமுக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது. மதிலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே இருக்கும் ஊரைப் பற்றித் தெரிந்ததெல்லாம், வாச்சே சோறு விற்கும் அம்மா காலை ஏழு மணிக்கு வாசலுக்கு வருவாள் என்பது மட்டும்தான். ஏழேகாலுக்கு வந்தால் ஊரே சரியில்லை என்பார்கள்.

இந்த நிலையில்தான் எங்கள் டீன் டாக்டர் டான்சோ-பாடு ஒன்பது நாள் கருத்தரங்குக்காக வெளிநாடு போய்வந்தார். வரும்போது ஒரு தொப்பியும் ஒரு சொல்லும் கொண்டுவந்தார். சொல், 'ஈடுபாடு'. அதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். அதன் விளைவாகப் பிறந்ததுதான் ச.தொ. 4 என்ற படிவம். அதில் தொண்டு செய்த நேரத்துக்கு ஒரு பத்தி, அகற்றிய குப்பையின் எடைக்கு ஒரு பத்தி, ஊர் மக்களின் மனநிலைக்கு ஒரு பத்தி. மனநிலையில் 'மகிழ்ச்சி', 'மிக்க மகிழ்ச்சி' என்று இரண்டுதான் உண்டு. பொருந்தாததை அடித்துவிட வேண்டும். பிறகு 'நான் கற்றது' என்று நாலு கோடு. கீழே ஊர் முத்திரைக்கு ஒரு வட்டம்.

முத்திரை இல்லாத படிவம் செல்லாது. செல்லாத படிவக்காரர் விழாவில் கையெழுத்திட முடியாது. கையெழுத்திடாதவர் மாணவரே அல்ல என்பதால் விடுதிக் கட்டிலைத் திங்கட்கிழமைக்குள் காலி செய்துவிட வேண்டும். இதையும் நான்தான் டைப் அடித்தேன்.

கடிதத்தை அபெடிம் தலைவரின் அரண்மனைக்கு எடுத்துப் போனேன். எங்கள் தலைவர், ஊரார் மரியாதையாக 'நானா' என்று அழைப்பவர், சபையில் யாரோடும் நேராகப் பேசமாட்டார். அவர் முணுமுணுப்பார், அவருடைய பேச்சாளரான ஒச்சியாமே போதுவா அதை அலங்காரமாக உரக்கச் சொல்வார். நாம் தலைவரிடம் சொல்வதும் அவர் வழியாகத்தான் போகும். நூற்றிருபது பேர் வியாழக்கிழமை வருகிறார்கள் என்ற வரி வரைக்கும் ஒச்சியாமே படித்தார். அதற்குமேல் படிக்க அவருக்குத் தேவை இருக்கவில்லை.

விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் ஊரில் என்ன செய்வார்கள்? கூட்டுவார்கள். இரண்டு நாள் ஊரே குனிந்து கூட்டியது. விருந்தாளி நடக்கப் போகும் தெருவின் மரங்களுக்கெல்லாம் இடுப்பு வரை சுண்ணாம்பு அடித்தார்கள். ஆடுகளைக் குளிப்பாட்டினார்கள். வியாழக்கிழமை காலை மாணவர்கள் முதுகில் 'நான் தொண்டன்' என்று எழுதிய நீலச் சட்டையோடு, கையில் துடைப்பத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, அபெடிமில் ஒரு காய்ந்த இலைகூட இல்லை. பந்தலும் நாற்காலியும்தான் இருந்தன.

உட்காரவைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். நூற்றிருபது பேரும் வலமிருந்து இடமாகப் போய் முப்பது பெரியவர்களுக்குக் கை கொடுத்தார்கள். பிறகு முப்பது பெரியவர்களும் எழுந்துவந்து நூற்றிருபது பேருக்கும் கை கொடுத்தார்கள். மணி பதினொன்றரை ஆயிற்று.

"எங்க பக்கம் எல்லாம் அமைதி. நீங்க வந்த காரியம் என்ன?" என்று ஒச்சியாமே கேட்டார்.

"உங்க ஊரைக் கூட்டிச் சுத்தம் பண்ண வந்திருக்கோம்" என்றார் டீன்.

தலைவர் முணுமுணுத்தார்.

"நானா கேக்குறாரு, எங்க ஊரு அசிங்கமா இருக்குன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

"ஐயையோ, யாரும் சொல்லல! ஊரு பளபளன்னு இருக்கே."

"அப்ப எதைக் கூட்டப் போறீங்க?"

டீன் கண்ணை மூடினார். "இது கூட்டுறது மட்டும் இல்ல. ஈடுபாடு."

ஒச்சியாமே தலைவர் பக்கம் திரும்பி, "பசிக்குதாம், நானா" என்றார்.

ஃபூஃபூ உருண்டையும் ஆட்டிறைச்சிக் குழம்பும் வந்தன. மாணவர்கள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். பிளாஸ்டிக் பைத் தண்ணீரைக் கடித்து உறிஞ்சிவிட்டுப் பையை அங்கங்கே போட்டார்கள். அன்றைக்கு அபெடிமில் இருந்த ஒரே குப்பை, கூட்ட வந்தவர்கள் போட்டதுதான். அதைப் பொறுக்கக் குனிந்தவள் ஒரே ஒருத்தி. பெயர் லரிபா. வடக்கே போல்கா பக்கத்திலிருந்து ஒரு பெட்டியோடு பஸ் ஏறி வந்தவள். இந்தப் பக்கத்தில் அவளுக்கு உறவென்று ஒரு வீடு கிடையாது. விடுதிக் கட்டிலை விட்டால் பஸ் நிலையம்தான்.

ஊர்ப் பெண்களுக்குத் தலைவியான எனோ கொனாடு ஓடிவந்து அவள் கையிலிருந்ததைப் பிடுங்கினார்.

"ஏ பொண்ணு, வை கீழே! எங்க வீட்டுக்கு வந்து எங்க மானத்தையே வாங்கப் பாக்குறியா?"

"அம்மா, இது நான் குடிச்ச பைதாம்மா."

"குடிச்சது நீ. விழுந்தது எங்க தரையில. அப்ப இது எங்க குப்பை. போய் உக்காரு. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தச் சொல்றேன்."

மாலையில் படிவங்களைச் சேர்த்துப் பார்த்தேன். தொண்டு நேரம் பூஜ்யம். குப்பை பூஜ்யம். மனநிலை மிக்க மகிழ்ச்சி. எடை என்று ஏதாவது கூடியிருந்தால் அது மாணவர்களுக்குத்தான்.

டீன் தளரவில்லை. பதிவேட்டு விழா அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை. அதற்கு முந்திய வெள்ளியன்று மறுபடி உலா நடக்கும் என்றும், அன்றைக்கு ஊர் 'தன் இயல்பான நிலையில்' இருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது என்றும் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இயல்பான நிலைன்னா என்னப்பா அம்போமா?" என்றார் ஒச்சியாமே.

"கொஞ்சம் குப்பையா இருந்தா நல்லாயிருக்கும்னு நெனைக்கிறாங்க."

"விருந்தாளி வாய் விட்டுக் கேட்டு இல்லேன்னு சொன்ன ஊரா இது?"

சொந்தக் குப்பை போதாது என்பதால், பக்கத்து ஊரான டெச்சியத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அவர்கள் இரண்டு டிப்பர் லாரி நிறையக் கொடுத்து, திருப்பித் தரவே வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். வந்திறங்கியதைப் பார்த்ததும் எனோ கொனாடு மூக்கைப் பொத்தினார். இதையா விருந்தாளிக்கு வைப்பது? பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து குப்பையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். கொடியில் காயவைத்தார்கள். பெரியது தனி, சின்னது தனி என்று பிரித்துத் தெருவோரம் பாய் விரித்து அடுக்கினார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. குப்பை தயார், அதை விருந்தாளி கையால் அள்ளவிடுவது எப்படி? டீனும் ஒச்சியாமேயும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் வழி கண்டுபிடித்தவர் ஒச்சியாமேதான்.

"நானா பேசறதை நான் பேசறேன். பேசினது யாரு?"

"தலைவர்தான்" என்றார் டீன்.

"மாணவன் கூட்டறதை எங்க பொம்பளைங்க கூட்டினா? கூட்டினது யாரு?"

டீன் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று மாலையே 'பிரதிநிதி வழித் துப்புரவு' என்ற சுற்றறிக்கை வெளியாயிற்று. ஊர்ப் பெண் கூட்டுவார். மாணவர் தம் ஈடுபாட்டைக் குறிக்கும் வகையில் துடைப்பத்தின் மேல் நுனியில் ஒரு விரலை வைத்திருப்பார். படிவத்தில் பிரதிநிதியின் பெயருக்குப் புதிய பத்தி சேர்க்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை அந்தக் காட்சியைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். பெண்கள் குனிந்து கூட்டிக்கொண்டே போக, நீலச் சட்டைக்காரர்கள் விரலை எடுக்காமல் பின்னாலேயே குனிந்து போனார்கள். இடுப்பு வலிக்கிறது என்று மாணவர்கள் முறையிட்டார்கள். பெண்கள் நின்று அவர்கள் இடுப்பை நீவிவிட்டுவிட்டு மறுபடி கூட்டினார்கள். கல்லூரிப் புகைப்படக்காரர் பெண்களின் முகம் படத்தில் விழாதபடி கவனமாக எடுத்தார்.

எனோ கொனாடு மட்டும் துடைப்பத்தோடு தனியாக நின்றார். அவருடைய மாணவியைக் காணவில்லை. லரிபா நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு பிரசவ விடுதிக்குப் பின்னால் போயிருந்தாள். அங்கே ஒரு சாக்கடை, சேறும் பையுமாக அடைத்துக் கிடந்தது. விருந்தாளி அந்தப் பக்கம் வரமாட்டார் என்பதால் ஊரில் யாரும் அதைத் தொட்டதில்லை. என் மூத்தவன் பிறந்த நாளிலிருந்து ஆறு வருடமாக நானும் அதைத் தாண்டிக் குதித்துத்தான் போய்வருகிறேன். லரிபா நர்ஸ் பெர்பெச்சுவாவிடம் ஒரு மண்வெட்டி கேட்டு வாங்கி, முழங்கால் சேற்றில் இறங்கி, காலையிலிருந்து மாலை வரை அள்ளிக் கரையில் குவித்துவிட்டாள். தண்ணீர் சலசலவென்று ஓடியது.

நாலு மணிக்கு வேப்பமரத்தடியில் மேஜை போட்டு முத்திரை குத்தினார்கள். லரிபாவின் படிவம் வந்ததும் டீன் நிறுத்தினார்.

"பிரதிநிதி பேரு எங்கம்மா?"

"பிரதிநிதி இல்ல சார். நானே செஞ்சேன்."

"நீயேன்னா?"

"என் கையால சார்." கையை நீட்டினாள். உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

"அதுக்குப் பேரு வேலை. இது தொண்டுப் படிவம். வேலைக்கு இதுல பத்தி கிடையாது."

ஒச்சியாமேயும் முத்திரை மைப்பெட்டியை மூடிவிட்டார். "விருந்தாளியைச் சாக்கடையில இறக்கின ஊருன்னு நாளைக்கே டெச்சியம்காரன் பேசுவான். இதுல முத்திரை வெச்சா நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் தாயி."

"ஐயா, சாக்கடை ஓடுதே! வந்து பாருங்க!" என்றார் கூடவே வந்திருந்த நர்ஸ்.

"ஓடறதைப் பத்திக் கேள்வி இல்ல சிஸ்டர்" என்றார் டீன். "யார் வழியா ஓடுதுங்கறதுதான் கேள்வி."

லரிபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சார், திங்கக்கிழமை என் கட்டில் போயிடும். நான் எங்க போவேன்?"

அந்தப் பெண்ணுக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்று மனதார நினைத்தேன். பதினோரு வருட அனுபவம் கை கொடுத்தது.

"சார், அஞ்சு மணி பஸ்ஸுக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கு. கொனாடு அம்மாவும் இருக்காங்க. பிரதிநிதி வழியா மறுபடி ஒரு தடவை சுத்தம் பண்ணிட்டா?"

"எதைச் சுத்தம் பண்றது? அதான் சுத்தமா இருக்குன்னு சொல்றாங்களே."

எல்லோரும் நடந்துபோய்ப் பார்த்தோம். சேறு கரையில் குவியலாக இருந்தது.

"சேத்தை உள்ள தள்ளறதுக்கும் பிரதிநிதி வேணுமா சார்?" என்று கேட்டேன்.

டீன் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். "வேண்டாம். உள்ள தள்ளறதுக்குப் படிவமே இல்ல. அதை அவளே தன் கையால செய்யலாம்."

ஒச்சியாமே, தான் பார்க்காதவரை அது நடந்ததாகாது என்று சொல்லி, மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லரிபா ஒருமுறை எங்கள் எல்லோரையும் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்து, பகலெல்லாம் அள்ளியதை அரை மணி நேரத்தில் உள்ளே தள்ளினாள். எனோ கொனாடு ஒரு வெட்டு வெட்டி ஒரு கூடை சேறு எடுத்தார், லரிபாவின் விரல் மண்வெட்டிப் பிடியின் நுனியில் இருந்தது, புகைப்படம் எடுத்தாயிற்று. அதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. மணி ஐந்து. முத்திரை விழுந்தது. எல்லோரும் கைதட்டினோம். நான் பலமாகவே தட்டினேன்.

"'நான் கற்றது'ல என்ன எழுதணும் அண்ணே?" என்று லரிபா கேட்டாள்.

"ஈடுபாடுன்னு எழுதும்மா."

எழுதினாள். மறுநாள் கறுப்பு அங்கி போட்டுப் பதிவேட்டில் கையெழுத்தும் இட்டாள். டீன் அவளை மேடையிலேயே பாராட்டினார்.

புதன்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்குப் பிரசவ விடுதிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். நாலு மணிக்கு முழங்கால். உள்ளே கட்டிலில் இருந்தவள் என் மனைவி. எங்களுடைய இரண்டாவது பிள்ளை. நர்ஸ் பெர்பெச்சுவா ஜன்னல் வழியாக, "அந்தச் சாக்கடையை யாராவது திறந்து விடுங்களேன்!" என்று கத்தினார்.

நான் கொட்டுகிற மழையில் மதிலைச் சுற்றிக்கொண்டு பெண்கள் விடுதிக்கு ஓடினேன். லரிபா கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். உடனே எழுந்து செருப்பு மாட்டினாள். நல்ல பெண். வாசல்வரை வந்தவள் நின்றாள்.

"படிவம் கொண்டாந்திருக்கீங்களா அண்ணே? பிரதிநிதி யாரு?"

கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் தெரியவில்லை. அவள் கேட்டது முறையான கேள்வி என்பதால், படிவம் எடுக்க அலுவலகத்துக்கு ஓடினேன். பீரோ சாவி டீனிடம் இருந்தது. டீன் சமூகத் தொண்டு பற்றி உரையாற்ற வெளியூர் போயிருந்தார்.

குழந்தை ஐந்தரைக்குப் பிறந்தது. பெண். தண்ணீரில் விழாமல் நர்ஸ் பிடித்துக்கொண்டார்.

பிரசவ விடுதி வாசலில் சாத்திவைத்திருந்த மண்வெட்டியை நானே எடுத்திருக்கலாமே என்பது எனக்கு மறுநாள்தான் தோன்றியது.