தளபதியை என்ன செய்வது?

அந்த வாசகர் குறிப்பை மூன்றாவது முறை படித்தபோதுதான் ரூபேந்திரனுக்கு முதுகு சில்லிட்டது.

'நீலகேது செய்ததே சரி. என் வீட்டிலும் ஒரு துரோகி இருக்கிறான். இத்தனை நாள் மன்னித்துவிட்டேன். நேற்றைய அத்தியாயம் என் கண்ணைத் திறந்துவிட்டது. நன்றி. இப்படிக்கு, ரத்தவேங்கை, லாயாங் லாயாங்.'

ரூபேந்திரனுக்கு மலேசியாவின் குளுவாங்கில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் வீடு திரும்பியதும் ஒரு செயலியில் மாயாஜாலத் தொடர்கதை எழுதுவான். அதன் நாயகன் இளவரசன் நீலகேது. தன்னைக் காட்டிக்கொடுத்த தளபதி கருடவர்மனை அவன் மறுபடி மறுபடி மன்னித்துக்கொண்டே இருந்தான். வாசகர்களுக்குப் பொறுக்கவில்லை. 'இவனுக்கு எதற்கு வாள்? ஒரு விசிறி கொடுங்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ரூபேந்திரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேற்று நீலகேதுவின் கையாலேயே தளபதியின் தலையைச் சீவித் தள்ளினான். பாராட்டு கொட்டியது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிவந்து மனைவியோடு கொண்டாடினான்.

இன்று கைப்பேசியும் கையுமாக வீட்டுக்கு ஓடினான்.

"யுவனா, நான் ஒரு கொலை பண்ணிட்டேன்" என்றான் வீட்டுக்குள் நுழைந்ததும்.

யுவனேஸ்வரி கைப்பேசியை வாங்கிப் படித்தாள். "அலமாக்! பாலாய்ல போய் ரிப்போர்ட் பண்ணுங்க."

"போலீஸ்கிட்ட என்னன்னு சொல்றது? என் கதையில ஒரு இளவரசன் தளபதியை வெட்டிட்டான், அதனால லாயாங் லாயாங்ல ஒருத்தர் சாகப் போறாருன்னா? என்னையில்ல முதல்ல உள்ள வைப்பாங்க!"

"அப்ப அந்த இளவரசனை அழ வைங்க. கொன்னது தப்புன்னு அவன் வாயாலயே சொல்லட்டும்."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. அன்றைக்கே எழுதினான். நீலகேதுவுக்குத் தூக்கம் போகிறது. வெட்டுண்ட தலை கனவில் வந்து, "ஏன் கொன்றாய்?" என்று கேட்கிறது. இளவரசன் கதறுகிறான். எழுதும்போது ரூபேந்திரனுக்கே கண் கலங்கியது.

மறுநாள் பதில் வந்தது.

'புரிந்தது. தலை தனியாகக் கிடந்தால் தொந்தரவு. வேறு வழி யோசிக்கிறேன்.'

ரூபேந்திரன் அன்று ஒரு பெரியவருக்கு இடது கண்ணாடியை வலது பக்கமும் வலது கண்ணாடியை இடது பக்கமும் மாட்டி அனுப்பிவிட்டான். அவர் கடை வாசல் படியைத் தேடியபடியே திரும்பி வந்தார்.

"செத்தவனை எழுப்பிடுங்களேன்" என்றாள் யுவனேஸ்வரி. "மாயாஜாலக் கதைதானே? இளவரசன் அவனைக் கட்டிப்பிடிச்சு மன்னிக்கட்டும். அதைப் படிச்சா யாருக்கும் மனசு இளகும்லா."

முனிவர் ஒருவர் மூலிகையோடு வந்தார். தளபதியின் தலை உடலோடு ஒட்டியது. நீலகேது அவனை மார்போடு அணைத்து, "போ, பிழைத்துப் போ" என்றான். மற்ற வாசகர்கள் காறித் துப்பினார்கள். அதைப் பற்றி ரூபேந்திரன் கவலைப்படவில்லை. அவன் காத்திருந்தது ஒரே ஒருவரின் பதிலுக்கு.

'நல்ல எச்சரிக்கை. கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் திரும்பி வந்துவிடுவான். இனி மிச்சமே இருக்கக் கூடாது. ஆளை கேட்டுக்கு வெளியே கால் வைக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுவேன்.'

"மிச்சமே இருக்கக் கூடாதாம்" என்றான் ரூபேந்திரன். குரல் கீச்சென்று வந்தது.

யுவனேஸ்வரி இந்தத் தடவை எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள். கணவனுக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அவன் எழுதினான்: 'உங்களைப் போன்ற வாசகரை நேரில் பார்க்க ஆசை. முகவரி கிடைக்குமா?'

கண் மூடித் திறப்பதற்குள் பதில். 'ரயில் நிலையத்துக்குப் பின்னால் பச்சை கேட். ஞாயிறு பகல் வாருங்கள். உங்கள் முன்னிலையிலேயே நடக்கட்டும்.'

ஞாயிற்றுக்கிழமை செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கார் போனது. மனைவியும் கூட வந்தாள். பச்சை கேட்டுக்குச் சற்றுத் தள்ளி அவன் காரை நிறுத்தியதும், அவள் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்துகொண்டாள்.

"நீங்க போங்க. நான் எஞ்சினை அணைக்காம இருக்கேன். சத்தம் கேட்டா ஹார்ன் அடிக்கிறேன்."

"யாரோட சத்தம்?"

"உங்களோடதுதான்."

கேட்டைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சாரோங், பனியன், ஒடிசலான உடம்பு. பெயர் ஐயாசாமி என்றார். கொலைகாரன் இப்படித்தான் சாதுவாக இருப்பான் என்று ரூபேந்திரன் நினைத்துக்கொண்டான்.

"நான்தான் நீலகேது கதை எழுதுறவன்."

ஐயாசாமியின் முகம் வெளுத்தது. அவசரமாக வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து, போர்ட்டிக்கோவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வந்துட்டீங்களா சார்?" என்றார், ஏறக்குறைய அழும் குரலில்.

வீட்டுக்குள்ளிருந்து 'சரக், சரக்' என்று கல்லில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. ஆள் வைத்து வேலை பார்க்கிறாரா?

"அண்ணே, அந்த ஆளு அப்படி என்ன தப்பு பண்ணிட்டாரு?"

"வீட்டு ரகசியம் ஒன்னு வெளிய போயிருச்சு சார். இறால் சம்பல் செய்ற பக்குவம். எங்க வீட்டு வாசப்படி தாண்டக் கூடாதது. இப்ப என் தங்கச்சி குளுவாங் பாசார்ல கடை போட்டு விக்கிறா. சனம் வரிசையில நிக்குது."

"சம்பலுக்காகவா ஒரு உசுரு?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்!"

ரூபேந்திரனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆள் இளகுகிறார். எழுந்து அவர் கைகளைப் பற்றிக்கொண்டான். "அப்புறம் என்ன அண்ணே? மன்னிச்சிடுங்க. கதையில வெட்டுறது சுலபம். எனக்குக் கைதட்டல் கிடைச்சுது, அவ்வளவுதான். தளபதிக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்குமேன்னு நான் நெனச்சே பாக்கல. தப்பு என்னோடது. அவரை விட்டுடுங்க."

ஐயாசாமி தேம்பித் தேம்பி அழுதார். "இந்த வார்த்தைக்காகத்தான் சார் நான் சாமி கும்பிடாத நாளே இல்ல. சாயங்காலம் ஆச்சுன்னா உங்க கதை வருதேன்னு கை காலெல்லாம் ஆடிப்போகும்."

உள்ளே சத்தம் நின்றது. காலடி ஓசை வாசலை நோக்கி வந்தது. ரூபேந்திரன் கேட்டைப் பார்த்தான். கார் கண்ணில் படவில்லை.

"அவரு இன்னும் உசுரோட இருக்காரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க அண்ணே!" என்றான் அடித்தொண்டையில்.

ஐயாசாமி சாத்திய கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

"மெதுவா பேசுங்க சார். கத்தி தீட்டிட்டு வர்றவதான் ரத்தவேங்கை, என் பொண்டாட்டி. துரோகி நான்தான்."