சுவரில் இடம் போதாதது குறித்து மாப்பிள்ளைக்கு

பெருமதிப்பிற்குரிய பெரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் பணிவுடன் எழுதுவது. நீங்களும் பெரியவளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அரசு அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன் என்பதால், தவறென்று தெரிந்த ஒரு சொல்லை எழுதக் கை வரவில்லை. உங்கள் கல்வி இலாகா பள்ளிகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கும் காய்ச்சல் பார்க்கும் கருவியின்படி எல்லோரும் நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையிடம் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தொலைபேசியில் பக்குவமாகச் சொல்லலாம் என்று அழைத்தேன். "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்றீர்கள். மறுநாளும் மீட்டிங்கில்தான் இருந்தீர்கள். அதனால் இந்தக் கடிதம். வரம்பு மீறியிருந்தால் மன்னிக்கவும். மீறாமல் எழுதிய தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன், அவற்றில் விஷயமே இல்லை.

தொற்றுநோயால் மூடிக் கிடந்த நம் பகுதி அரசுப் பள்ளிகள் அனைத்தும் திறக்கத் தயார் என்று நீங்கள் தொலைக்காட்சியில் சொன்னபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முன்மாதிரியாக ஒரு பள்ளியைத் திங்கட்கிழமை நீங்களே நேரில் வந்து திறந்துவைக்கப் போவதாகச் சொல்லி, அதன் பெயரையும் சொன்னீர்கள். அங்கே ஆசிரியையாக இருக்கும் சின்னவள் தட்டோடு எழுந்து நின்றுவிட்டாள். "எது, நம்ம ஸ்கூலா?" என்றாள். உங்கள் கொழுந்தியாள் அந்த நோயிலிருந்து எழுந்துவிட்டாள் என்றுதான் உங்களுக்குத் தெரியும். மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள் என்பது தெரியாது.

மறுநாள் உங்கள் ஆய்வாளர் பள்ளிக்கு வந்தார். பெற்றோர் குழுவில் படித்தவர் ஒருவர் வேண்டுமென்று என் பெயரைப் போட்டிருந்ததால் நானும் போனேன். அவர் கைபேசியில் வரிசையாகக் கேள்விகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை என்று தொட வேண்டும். "குழாய் உண்டா?" என்றார். உண்டு சார், ஆனா அதுல என்று சின்னவள் மூச்சு வாங்கித் தொடர்வதற்குள் உண்டு என்று தொட்டுவிட்டு, "தண்ணி வருதான்னு இதுல கேக்கலம்மா" என்றார். கழிப்பறைக்குக் கதவு உண்டு, கீல் இல்லாததால் அலுவலக அறையில் அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறது. "கதவு இருக்குல்ல, விடுங்க." பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்காரத் தரையில் வட்டம் போட வேண்டுமாம். இருப்பது ஒரே வகுப்பறை, விதிப்படி போட்டால் பாதிப் பிள்ளைகளுக்குக்கூடப் போதவில்லை. "வட்டத்தைச் சின்னதாப் போடுங்க டீச்சர், பசங்களும் சின்னவங்கதானே" என்றார். போட்டிருக்கிறார்கள். தவம் செய்ய வந்த பிள்ளையானால் ஒற்றைக் காலில் தாராளமாக நிற்கலாம். பிறகு காய்ச்சல் கருவியை என் நெற்றிக்கு நேரே நீட்டினார், ஓர் எண் வந்தது. சின்னவளுக்கும் அதே எண். கை தவறிக் கரும்பலகைக்கு நேரே போனபோதும் அதே எண். "பாத்தீங்களா, யாருக்கும் காய்ச்சல் இல்ல." அவளுக்கு மூச்சு வாங்குதே சார் என்றேன், என்னால் முடிந்த வீரம் அது. "அது கேள்வியில இல்ல பெரியவரே."

கடைசியாக, ஆசிரியர் எத்தனை பேர் என்றார்.

"நான் ஒருத்திதான் சார்."

"ரெண்டுன்னு காட்டுதே."

"கணக்கு வாத்தியார் தவறிட்டார் சார். இதே நோய்லதான்."

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லவர்தான் போலிருக்கிறது. மாட்டிக்கொண்டு, "பணியிடம் இருக்கில்ல?" என்று சொல்லி இரண்டு என்று தொட்டார்.

மாப்பிள்ளை, அந்த வாத்தியாரின் குடை இன்னும் அறையில் ஆணியில் தொங்குகிறது. ஒருவேளை அதைத்தான் எண்ணினாரோ என்னவோ. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் செருப்பைப் பள்ளியிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. வயதோ என்று நினைத்தேன். இல்லை, கோபம்தான், பழக்கமில்லாததால் அடையாளம் தெரியவில்லை. செத்தவரை வேலைக்கு வரச் சொல்லி, உயிரோடு இருப்பவளை மூச்சுவிட வழியில்லாமல் ஐந்து வகுப்புக்கும் ஒற்றை ஆளாக நிறுத்தி, அதற்குத் தயார் என்று பெயர் வைத்தால், தயாரில்லை என்பதற்கு என்னய்யா பேரு? மன்னிக்கவும், மாப்பிள்ளையை அதட்டிவிட்டேன், அடித்துவிட்டு வேறு எழுதத் தாள் இல்லை. பள்ளியைத் திறக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் வீட்டில் கிடந்து எழுத்தையே மறந்துகொண்டிருக்கிறார்கள், திறக்கத்தான் வேண்டும். தண்ணி வரவெச்சுட்டுத் திறங்க, ஆளப் போட்டுட்டுத் திறங்கன்னுதான் சொல்றேன். மூடிக் கெடந்த காலமெல்லாம் என்ன செஞ்சிட்டிருந்தீங்க? மீட்டிங்ல இருந்தீங்க.

இனி சுவர் விஷயம். வாசல் சுவரில் எழுத உங்கள் அலுவலகம் அனுப்பிய வாசகம் 'மாணவர்களைக் கை கழுவச் செய்வோம்' என்பது. பெயின்டர் ஒரு முனையில் ஆரம்பித்திருக்கிறார், எழுத்தெல்லாம் ஆளுயரம். 'கழுவ' வரைக்கும் வந்தபோது ஜன்னல் கிட்டே வந்துவிட்டது. மனிதர் யோசித்து, இருக்கிற இடத்தில் முடித்துவிட்டார். இப்போது சுவரில் இருப்பது 'மாணவர்களைக் கை கழுவுவோம்.' நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டீரே என்று கேட்டேன். "என்ன சார் பண்றது, செய்றதுக்கு இடமில்ல" என்றார். அந்தச் சுவருக்குக் கீழேதான் நீங்கள் பத்திரிகைக்காரர்களோடு நிற்கப் போகிறீர்கள். நாளை ஊர் சிரித்தால் பெரியவள் எப்படித் தாங்குவாள்? அதனால் அவரை ஏணியோடு வரச் சொல்லியிருக்கிறேன். விடுபட்டதை நானே நின்று சேர்க்க வைப்பேன். நீங்கள் கவலையின்றி வரலாம்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு லாரி தண்ணீரும், சின்னவளுக்குத் துணையாக ஓர் ஆசிரியரும். முடியாவிட்டால் திறப்பைத் தள்ளிப்போடுங்கள். சனிக்கிழமையே உங்கள் கைக்குக் கிடைக்கும்படி இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

நீங்கள் எல்லா வளமும், அதில் கொஞ்சம் நீர்வளமும், பெற்று நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அலுவலகத்திலிருந்து சின்னவளுக்கு அழைப்பு வந்தது. தண்ணீர் கட்டாயம் வருமாம். திங்கட்கிழமை காலையில், ஒரு வாளி, நீங்கள் படத்துக்குக் கை கழுவிக் காட்டும் அளவுக்கு. இதற்கிடையே பெயின்டரும் ஏணியோடு வந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வாசகத்தை மறுபடி எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறது, வேற்றுமை உருபு சரி, பொருளும் சரி. திருத்த ஒன்றுமில்லை. ஏணியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இதனால் உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சின்னவளைக் கேட்டேன். "என்னப்பா ஆகும், வேற ஸ்கூலுக்கு மாத்துவாங்க. அங்கயாவது குழாய்ல தண்ணி வருதான்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை அவசரத் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். சாதாரணத் தபாலே போதும் என்று சொல்லிவிட்டேன்.