பிகாஸ் சாரும் ஒரு லீவ் லெட்டரும்

காரணத்தைக் காதில் வாங்காமல், காரணத்துக்கு முன்னால் நிற்கும் ஆங்கிலச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு உயிரை எடுக்கும் ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எங்கள் அலுவலகத்தில் அந்த இனத்தின் பிரதிநிதி மேலாளர். நாங்கள் வைத்த பெயர் 'பிகாஸ் சார்'.

காய்ச்சலென்று லீவ் லெட்டர் நீட்டினால், என்னாச்சு என்று ஒரு வார்த்தை கேட்காமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, சிவப்புப் பேனாவின் மூடியை எடுத்துப் பின்பக்கம் செருகி, முதல் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "யோசிச்சு எழுதிட்டு வாங்க" என்று திருப்பித் தருவார். யோசித்து முடிப்பதற்குள் காய்ச்சலே விட்டுவிடும். தமிழில் 'காய்ச்சலால்' என்று ஒரு வாலை ஒட்டினால் வேலை முடிந்தது. அவருக்கு அது போதுமா?

போன செவ்வாய்க்கிழமை ஸ்டோர் கீப்பர் வேர்த்து விறுவிறுத்து அவர் முன்னால் வந்து நின்றார். மனைவியைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோய்விட்டார்களாம். மாமியார் போன் பண்ணி உடனே வரச் சொல்கிறார். தலைப்பிரசவம் வேறு. பாவம், பதற்றத்தில் லெட்டரை 'பிகாஸ்' என்று ஆரம்பித்துவிட்டார்.

"பிகாஸ்னா எனக்குத் தெரியாத காரணத்தைச் சொல்றது. உங்க வீட்டுல மாசமா இருக்கிறதுதான் ஆபீசுக்கே தெரியுமே? சின்ஸ் போடுங்க."

போட்டார்.

"ஐயையோ, சின்ஸ்னா 'அப்பலேருந்து'ன்னும் அர்த்தம் வருமே! படிக்கிறவங்க குழம்பிடுவாங்க."

"படிக்கப்போறது நீங்க ஒருத்தர்தானே சார்?"

"அதுக்காக? ஆஸ் போடுங்க... வேணாம், அதுல காரணத்துக்கு அழுத்தம் பத்தாது."

"அவ அங்க கத்திக்கிட்டு இருக்கா சார்! இதுக்கு மேல என்ன அழுத்தம் வேணும்?"

மேலாளர் அடுத்த வட்டம் போடச் சிவப்புப் பேனாவைத் தூக்கும்போதே ஸ்டோர் கீப்பரின் போன் அடித்தது.

"குழந்தை பிறந்துடுச்சாம் சார்!" என்று கூவியவர், லெட்டரை மேசையிலேயே போட்டுவிட்டு ஒரே ஓட்டம். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினோம். பிகாஸ் சார் மட்டும் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிவரை துரத்தினார்.

"நில்லுங்க! அப்போ டென்ஸையும் மாத்தணுமே!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த லெட்டருக்கு எந்தச் சொல் சரி என்று இவ்வளவு நேரம் நீங்களும் மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? தாயும் குழந்தையும் நல்லபடியாக இருக்கிறார்களா என்று ஒருவராவது கேட்டீர்களா?