மணக்காத பூண்டுக் கரைசல்

தம் மொட்டைமாடியில் இனி ஓர் அசுவினிப் பூச்சிகூட உயிர் வாழாது என்று கரமனைக் கல்யாணராமன் சூளுரைத்தார். குடியிருப்போர் சங்கத்தின் மாடித்தோட்டப் பரிசுக்கு இன்னும் இரண்டே வாரம். பயற்றங்கொடி முழுவதும் பூச்சி. கடை மருந்து கூடாது என்பது போட்டி விதி. பூண்டு கூடாது என்பது மனைவி சுப்புலக்ஷ்மியின் விதி. அவள் சமையலறைக்குள் பூண்டு நுழைந்ததே இல்லை.

அவள் கோவிலுக்குப் போன நேரத்தில், அவளுடைய சட்னி ஜாரிலேயே பூண்டும் பச்சைமிளகாயும் அரைபட்டன. வடிகட்டிய கரைசல் ஒரு பாட்டிலில் புகுந்து, மாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தது. ஜாரைப் புளிபோட்டு ஏழுமுறை தேய்த்தார்.

மறுநாள் தொடங்கிற்று குழப்பம். பாட்டிலைத் திறந்தால் பூண்டு மணக்கவில்லை. பாதி தெளித்துவிட்டு வைத்தால், அடுத்த நாள் கழுத்துவரை நிரம்பியிருந்தது. மூக்கைச் சந்தேகிப்பதா, கண்ணையா?

"ஏண்டி, ரசத்துல பெருங்காயம் போட்டியோ?"

"தூக்கலாவே போட்டிருக்கேன். மணக்கலையா?"

"மணக்கறது."

"பின்னே என்ன?"

"அதான் எனக்கும் புரியலை."

பூச்சிகள் மட்டும் ஒழிந்தன. பயறு முழ நீளத்துக்குக் காய்த்துத் தொங்கிற்று.

தோட்டம் பார்க்க வந்தார் வேளாண் அலுவலர் சபீனா. "மருந்து உண்டாக்கினது யாரு? என்ன சேர்த்தது? ரெண்டும் எழுதணும்."

காபித் தம்ளருடன் பக்கத்திலேயே சுப்புலக்ஷ்மி. வாயைத் திறந்தால் வீடு போகும். மூடினால் பரிசு போகும். பரிசே வென்றது.

"பூண்டு, மிளகாய்க் கரைசல்! நானே அரைச்சது!"

சபீனா பாட்டிலை முகர்ந்தார். "சாரே, இதில வெளுத்துள்ளியே இல்லல்லோ, பூண்டு வாசமே இல்ல. வேப்பெண்ணையும் சோப்பும்தான்."

"நான் கலக்கினதும்மா," என்றாள் சுப்புலக்ஷ்மி. "இவர் அரைச்ச பூண்டை அன்னிக்கே வாழைக்கு அடியில கொட்டிட்டேன்."

கல்யாணராமன் பாட்டிலை வாங்கித் தானும் முகர்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜார் வாங்கின அன்னிக்குக்கூட அப்படிப் பளபளன்னு இருந்ததில்லையே! நாப்பது வருஷத்துல நீங்க ஒரு தம்ளராவது அலம்பியிருக்கேளா?"

"அப்பவே சொல்லப்படாதோ?"

"சொல்லியிருந்தா, நித்தம் விடியக்காலம் எழுந்து யார் தெளிப்பா?"

பரிசு சுப்புலக்ஷ்மிக்கே கிடைத்தது. புத்தம்புதிய தெளிப்பான். அதை அவள் பெருந்தன்மையோடு கணவர் தோளில் மாட்டிவிட்டாள்.