செத்துப்போகாத தேசிங்குக்குப் படையல்

உயிரோடு இருக்கிற ஆளை, அவனே நம்பும்படி பேயாக்கிவிடும் திறமை வடசென்னையில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் ஜோக்கர் அண்ணன்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், நான் லாரி புக்கிங் பார்க்கும் யார்டில் அவர் கிரேன் ஆபரேட்டர். சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். செல்போனில் ரம்மி ஆடி ஆடி, பேச்சே சீட்டாகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் ஏறினால் "செட்டு சேந்துச்சு" என்பார். மனைவி செல்வி அக்கா சண்டைக்கு வந்தால் "டிராப்" என்று எழுந்து போய்விடுவார். மகளின் காதுகுத்தில் குழந்தை வீறிட்டபோது எல்லோரும் காதைப் பார்த்தார்கள். இவர் கடைசிச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் யார்டில் கிரேனுக்குக் கைதான் பாஷை. கீழே நிற்கும் சிக்னல்மேன் தேசிங்கு கையை மூடினால் நிறுத்த வேண்டும். பக்கத்து யார்டில் வாயாலேயே கத்துவார்கள். "ஆரியா" என்றால் இறக்கு. ஒருநாள் பெரிய இரும்புத் தகடு ஒன்று கிரேனில் அந்தரத்தில் தொங்குகிறது. தேசிங்கு ஒரு கையை மூடி உயர்த்தியபடி, குனிந்து கீழே கட்டை அடுக்குகிறான். அண்ணனின் கண்ணோ மடியிலிருந்த போனில். பக்கத்து யார்டில் எவனோ "ஆரியா!" என்று கத்த, இவர் இறக்கிவிட்டார்.

தகடு பக்கத்து அடுக்கில் மோதிச் சரிந்து, தேசிங்குக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவனுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அண்ணன் பார்க்கவில்லையே! சத்தம் கேட்டதும் மறுபக்கமாக இறங்கி ஓடியவர், திருவொற்றியூர் வீட்டில் போய்த்தான் நின்றார்.

அன்றிலிருந்து அவருக்கு தேசிங்கு செத்தவன். நாங்கள் எவ்வளவு சொல்லியும், "ஆறுதலுக்கு சொல்றீங்கோ" என்றார். தேசிங்கே நேரில் போனான்.

"அண்ணே, நான்தாண்ணே."

"தெர்தே தோஸ்து. அடிக்கடி வராத, செல்வி பயந்துக்கும்."

யார்டில் எடுத்த போட்டோவில் தேசிங்கை மட்டும் பெரிதாக்கி, மாலை போட்டு, அவனுக்குப் பிடித்த வஞ்சிரம் வறுவலோடு படையலும் வைத்துவிட்டார். சண்டை போடப் போன தேசிங்கு, வீட்டில் ஆள் இல்லாததால் வறுவலைத் தின்றுவிட்டு வந்தான். காலி இலையைப் பார்த்து அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாலைக்கு நடுவில் தன் முகத்தைப் பார்த்ததிலிருந்து தேசிங்குக்கும் ஏதோ ஆகிவிட்டது. கூப்பிட்டு யாராவது திரும்பாவிட்டால் முகம் வெளுத்துவிடும். சாயங்காலம் என் மேஜையருகே வந்து கையை நீட்டுவான். "கிள்ளு சார்." கிள்ளுவேன். "இன்னும் கொஞ்சம் பலமா சார்." அந்தக் கை அநியாயத்துக்குச் சில்லென்றிருக்கும். அவன் போனதும் நான் என்னையே ஒருமுறை கிள்ளிப் பார்த்துக்கொள்வேன்.

இவ்வளவுக்குப் பிறகாவது அண்ணன் ரம்மியை விட்டாரா? கூடிவிட்டது.

"சீட்ட பாக்குறப்போ மட்டும் அவன் தெரில நைனா. கண்ண எடுத்தா தகட்டுக்குக் கீழ கீறான்."

முதலாளி கிரேனில் ஏறக் கூடாது என்றார். செல்வி அக்கா, "ஆட்டத்த வுடு. இல்லாங்காட்டி பொண்ண இட்டுகினு வண்ணாரப்பேட்ட எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்" என்றாள். கடைசியில் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு ஒரு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

"அதிர்ச்சியைக் கரைக்கிற கண் பயிற்சி இது. தகடு விழுந்த அந்தக் காட்சியையும், போனை எடுக்கணும்னு வர்ற பரபரப்பையும் மனசுல வெச்சுக்கோங்க. தலையை ஆட்டாம என் விரலை மட்டும் கண்ணால தொடருங்க" என்றார் டாக்டரம்மா. இரண்டு விரல்கள் இடமும் வலமும் போய்வந்தன. அண்ணனின் வலது கை தானாகவே இல்லாத லீவரைப் பிடித்தது.

"இப்ப என்ன தோணுது?"

"எந்தப் பக்கம் திருப்பறது? கரீட்டா காட்டு மேடம்."

சிரித்துக்கொண்டுதான் வந்தோம். போகப் போகத்தான் பயம் பிடித்தது. எதிரே நின்று பேசும்போதே அவர் கண்கள் என் தோளுக்குப் பின்னால் இடமும் வலமும் போய்வரும், அங்கே யாரோ உலாத்துகிற மாதிரி. டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

"யாருண்ணே அங்க?"

"குனிஞ்சிகினு கீறான். இன்னும் நிமிரல."

அப்புறம் ஒருநாள், டாக்டரம்மாவின் விரல் நின்றதும் அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். "நிமிந்துட்டான் மேடம். தூசிக்குள்ளாற நிக்கிறான். கை மூடுனது மூடுனபடியே கீது." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தகடு விழுந்த அன்று தேசிங்கு உண்மையிலேயே அப்படித்தான் நிமிர்ந்து நின்றான். அண்ணன் அதைப் பார்க்கவும் இல்லை, நாங்கள் யாரும் அதைச் சொல்லவும் இல்லை.

நேரே யார்டுக்கு வந்து தேசிங்கின் கையைப் பிடித்துப் பார்த்தார். சூடாக இருந்திருக்க வேண்டும், விடவேயில்லை.

"ஏன்டா நவுரல? நெழல் வுழுந்துச்சில்ல? ஓட வேணாமா?"

"நீ பாத்துகினு கீறன்னு நெனச்சேன்ணே."

அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் போனிலிருந்த ரம்மியை செல்வி அக்காவே அழித்தாள். ஆசை அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. இன்றும் கை பரபரத்தால் கிரேனை நிறுத்திவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிடுகிறார்.

முதலாளி அவரை மறுபடி ஏற விட்ட நாளில், தகட்டுக்குப் பக்கத்தில் போக யாருக்கும் துணிவில்லை. தேசிங்கு ஒருவன்தான் போனான், அவனும் இரண்டடிக்கு ஒருமுறை நின்று நின்று. ஏன் என்று தெரியவில்லை, புக்கிங் மேஜையை விட்டு எழுந்து நானும் போய் அவனோடு நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். இடமும் இல்லை, வலமும் இல்லை. அண்ணனின் கண்கள் எங்கள் இருவர் மேலேயே நின்றன. பாவி மனுஷன், எனக்கு அழுகை வந்துவிட்டது.