கிரீஸ் கேட்காத ஜாயின்ட்

இந்த வீட்டில் ஒருவர் எனக்குத் துரோகம் செய்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவன் நான்.

மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவன் நான். பள்ளிக்கூடம் சொல்லித் தராததைச் சந்தை சொல்லித் தந்தது, பெரும்பாலும் கன்னத்தில். அங்கே முக்கியமாக இரண்டு சட்டம் கற்றேன். கடைக்காரன் எதைத் தூக்கிப் பேசுகிறானோ அதைத் தொடாதே. கடையில் கேள்வி கேட்காதே. கேட்டால் உனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். வீட்டிலிருந்து அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வரைக்கும் இந்தச் சட்டப்படிதான் பேரம் பேசி வாங்கினேன். காரில் இரண்டே சீட். வயதில் எனக்கு இளையது, கோபத்தில் மூத்தது.

அதன் எஞ்சின் முன்னால், அது சுழற்றுகிற சக்கரம் பின்னால். நடுவில் ஓடும் நீளத் தண்டில் முனைக்கு ஒரு யூனிவர்சல் ஜாயின்ட். கூட்டல் குறி மாதிரி ஓர் இரும்பு, நாலு நுனியிலும் நாலு தொப்பி. வண்டி எப்படிக் குலுங்கினாலும் தண்டு முறியாமல் வளைந்து கொடுப்பது அதன் வேலை. எங்கள் குடும்பத்தில் அந்த வேலையை நான் பார்க்கிறேன்.

பதினைந்து வருஷமாக ஞாயிறு தவறாமல் காருக்கு அடியில் படுத்து அந்த ஜாயின்ட்டுக்குக் கிரீஸ் அடித்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அடித்தால் போதும் என்று பட்டறைக்காரர் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை. காரணம் என் சகலை. ஞாயிறானால் என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்புவாள். அங்கே போனால் சகலை தன் முழங்கால் ஆபரேஷனை முதல் மயக்க ஊசியிலிருந்து சொல்லுவார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கம்பி எங்கே, ஆணி எங்கே என்று என்னையே காட்டச் சொல்லுவார். காருக்கு அடியில் கிடக்கிறவனை யார் கூட்டிக்கொண்டு போக முடியும்?

போன மாதம் ஜாயின்ட் இரண்டும் தேய்ந்து, கியர் மாற்றும்போதெல்லாம் 'டக்' என்றது. தண்டைக் கழற்றினேன். புதிதுக்கு அளவு வேண்டும். வெர்னியர் அளவுகோலின் பொடிக்கோடு என் கண்ணுக்குத் தெரியாது. அவள்தான் தொப்பியின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து சீட்டில் எழுதினாள். எழுதிக்கொண்டே கேட்டாள்.

"இதுல கிரீஸே அடிக்க வேண்டாத ரகம் ஒண்ணு இருக்காமே?"

"யார் சொன்னா?"

"பதினஞ்சு வருஷமா அக்கா வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்கு டார்ச் பிடிக்கிறேன். கைக்குத்தான் வேலை, நீங்க பட்டறைக்காரர்கிட்ட ஃபோன்ல பேசும்போது காது சும்மாதானே இருந்துச்சு."

"அது ஆகாது. கிரீஸை உள்ள வச்சு மூடிடுவான். இரும்பா இருந்தாலும் வாரம் ஒரு தடவை நாம கவனிக்கணும்."

"இரும்பையாவது கவனிங்க" என்று சீட்டை நீட்டினாள். முகத்தில் அப்படி ஓர் அமைதி. எதிராளி அமைதியாக இருந்தால் மடியைப் பிடித்துக்கொள் என்பது சந்தையின் மூன்றாவது சட்டம். அன்றைக்குப் பார்த்து அது நினைவுக்கு வரவில்லை.

உதிரிபாகக் கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். கிரீஸ் துப்பாக்கியை மாட்டும் சின்ன மூக்கு, அதாவது நிப்பிள், வைத்த ஜோடி ஒன்றை எடுத்து வைத்தார். நான் கேட்க வந்ததே அதுதான். ஆனால் மனிதர் புகழ ஆரம்பித்துவிட்டார். பெண் பார்க்க வந்த வீட்டில்கூட அவ்வளவு புகழ மாட்டார்கள். எனக்கு மூக்கு வியர்த்தது. அவர் முதுகுக்குப் பின்னால், செய்தித்தாளால் பாதி மூடி, இரண்டு பெட்டிகள் இருந்தன. கேள்வி கேட்கவில்லை, மோவாயால் சுட்டினேன்.

"அது உங்களுக்கு வேண்டாம்ணே. வேற ஒருத்தருக்கு எடுத்து வச்சிருக்கேன். பந்தயத்துல ஓட்டறவங்க போடற சாமான்."

எனக்கு வேண்டாம் என்று சொல்ல அவர் யார்? குரல் தெருமுனைக்குக் கேட்டது. ஒரு மணி நேரம் போர். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த ஜோடியைக் கட்டிக் கொடுத்தார். அதில் நிப்பிள் கண்ணில் படவில்லை. தனிப் பொட்டலமாகப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சட்டம் என்றால் சட்டம்.

தண்டைக் கழற்றும்போது நான் போட்ட குறிக்கு நேராக வைத்துப் பட்டறைக்காரர் பொருத்தினார். வண்டி பூனை நடை நடந்தது. அடித்துப் பேசி வாங்கிய கதையை அவளிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டாள்.

ஞாயிறு காலை. கிரீஸ் துப்பாக்கியோடு அடியில் நுழைந்தேன். தண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நிப்பிள் இல்லை. நிப்பிள் வைக்க ஓட்டையும் இல்லை. படுத்தபடியே கடைக்காரருக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன்.

"மாத்திக் குடுத்துடலாம்ணே. அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். அவங்கதானே எடுத்து வைக்கச் சொன்னாங்க. பேப்பரைப் பாதிதான் மூடணும்னுகூடச் சொன்னாங்களே."

காருக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. வெளியே போகிற செருப்பு.

"வேலை இல்லைன்னா வாங்க. அக்கா காத்துக்கிட்டிருக்கும்."

இதோடு மூன்று ஞாயிறு ஆகிறது. அந்த முழங்காலை இப்போது நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நேற்று கடைசிப் பேரம் பேசினேன்: சாவியை நீயே வைத்துக்கொள், வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு போ, என்னை விட்டுவிடு என்றேன். உடனே சம்மதித்தாள்.

"திரும்பி வரும்போது பக்கத்து சீட்டு காலியாத்தானே இருக்கும்? அத்தானை ஏத்திட்டு வந்துடறேன். ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டும்."

சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆகவே, பெயர் சொல்லாத அந்த ஒருவருக்குச் சொல்கிறேன். செய்த அநியாயத்துக்கு இனியாவது ஒரு வழி செய்யுங்கள். அந்த வண்டியில் கிரீஸ் அடிக்க எனக்கு ஓர் ஓட்டை வேண்டும். ஒன்றே ஒன்று போதும். சாவியோடு வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்; பதிலை ஏறிய பிறகு சொன்னாலும் சரி, சீக்கிரம் வாருங்கள். தாமதமாகப் போனால், விட்டுப்போனதற்காகச் சகலை மறுபடி முதல் ஊசியிலிருந்து ஆரம்பிப்பார்.